திருமண வரவேற்புக்கு மலர் அலங்காரம்: இன்றைய போக்குகளில் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: நிலாமுற்றம்

அனைவருக்கும் வணக்கம். இன்னும் பத்து வாரங்களில் என் தங்கையின் திருமண வரவேற்பு நடைபெறவிருக்கிறது. மலர் அலங்காரத்தை முடிவு செய்யும் பொறுப்பை, அக்கா என்ற முறையில் என்னிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பூக்கள் மீது எனக்கு ஆசை உண்டே தவிர, அவற்றைப் பற்றிய அறிவு அதிகம் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நிகழ்ச்சி மாலை ஐந்து மணிக்குத் திறந்தவெளியில் தொடங்கும். இருட்டியபின் உள்ளரங்கத்துக்கு மாறி, இரவு பத்து மணிவரை நீளும். விருந்தினர் ஏறத்தாழ 200 பேர். அலங்காரம் செய்பவர்கள் இருவரிடம் திட்டம் கேட்டேன். இருவரும் காட்டிய படங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன: மேடைக்குப் பின்னால் ரோஜாக்களால் முழுக்க மூடிய பூச்சுவர், கூரையிலிருந்து தொங்கும் பூமேகம், நடைபாதையின் இருபுறமும் பாம்பாஸ் புல், ஒவ்வொரு மேசையின் நடுவிலும் பெரிய பூங்கொத்து. அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் கடந்த மூன்று ஆண்டுகளில் நான் சென்ற எல்லா வரவேற்புகளின் படங்களையும் அருகருகே வைத்தால், எது யாருடைய திருமணம் என்று சொல்ல முடியாது என்பதும் உண்மை. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் பழைமையாகத் தோன்றாதிருக்க என்ன செய்யலாம் என்றும் தெரியவில்லை.

இருவரில் ஒருவர், பூக்களைச் செருகுவதற்குப் பச்சை ஃபோம் இல்லாமல் எதையும் செய்ய இயலாது என்கிறார். மற்றவர், ஃபோமை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்கிறார். இந்த வேறுபாட்டால் அலங்காரத்தின் தோற்றமோ ஆயுளோ மாறுமா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கைக்கு அடர் சிவப்பும் ஊதாவும் பிடிக்கும். அவை மாலை நேரத்தில் எடுபடாது என்று இருவருமே சொல்கிறார்கள், காரணம் கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள். பூக்களுக்கிடையே பழங்களை வைக்கும் புதிய பாணி ஒன்றையும் அவள் எங்கோ பார்த்துவிட்டு விடாமல் கேட்கிறாள். இதற்கிடையில், எல்லாவற்றையும் செயற்கை மலர்களால் செய்துவிட்டால் வாடும் கவலையே இல்லையே என்று சித்தி அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: பழையவாளி

வணக்கம் சகோதரி. நான் பதினெட்டு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். யாராவது ஓர் அலங்காரப் படத்தைக் காட்டி இதுதான் வேண்டும் என்று சொன்னால், என் கண் முதலில் நிறத்தைத் தேடுவதில்லை. இந்தப் பூக்கள் எங்கிருந்து தண்ணீர் குடிக்கின்றன என்பதைத்தான் தேடுகிறது. விடை கிடைக்காவிட்டால், படம் எடுத்த அரைமணி நேரத்தில் அந்த அலங்காரம் தலை சாய்ந்திருக்கும் என்று புரிந்துகொள்வேன். உங்கள் நிகழ்ச்சியோ ஐந்து மணி நேரம் நீள்வது; அதற்கு முன் அலங்கரிக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்தால் பூக்கள் பத்து மணி நேரமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். ஆகவே, உங்கள் கேள்விகளை இந்த ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

ஃபோமிலிருந்து தொடங்குகிறேன். தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் அந்தப் பச்சைக் கட்டியை 1954 இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த வெர்னன் ஸ்மிதர்ஸ் அறிமுகப்படுத்தினார். சாய்வாகவோ, செங்குத்தாகவோ, தலைகீழாகவோ எந்த இடத்திலும் ஒரு பூவை நிறுத்தி, அதற்குத் தண்ணீரும் கொடுக்கலாம் என்ற வசதி அதனால்தான் வந்தது. ஆனால் அது ஃபீனால், ஃபார்மால்டிஹைடு ஆகியவற்றிலிருந்து செய்யப்படும் ஒரு வகை நெகிழி. கையால் தேய்த்தாலே தூளாகும். அந்தத் தூள் கழுவும் தண்ணீரோடு வடிகாலில் போய்ச் சேரும். அந்த நுண்துகள்களை நீர்வாழ் உயிரினங்கள் உட்கொள்கின்றன என்பதையும், அவற்றிலிருந்து நச்சுப் பொருள்கள் நீரில் கசிகின்றன என்பதையும் ஆஸ்திரேலியாவின் ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் ஃபோமை அனுமதிப்பதில்லை. ஃபோமை விட்டுவிட்டேன் என்று உங்களிடம் சொன்னவர் பகட்டுக்காகச் சொல்லவில்லை. தொழில் அந்தத் திசையில்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஃபோம் இல்லாமல் எப்படி என்று கேட்பீர்கள். கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையைப் பந்துபோலச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் வைத்தால், அதன் கண்களில் தண்டுகள் அசையாமல் நிற்கும். ஜப்பானியர்களின் கென்சான், அதாவது கனமான உலோக அடியில் ஊசிகள் நெருக்கமாகப் பதித்த தட்டு, ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மிகவும் ஏற்றது; 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓஹரா உன்ஷின் வளர்த்தெடுத்த மொரிபானா என்னும் பாணி, தாழ்வான அகலத் தட்டில் பூக்களை நிறுத்துவதையே அடிப்படையாகக் கொண்டது. உயரமான இடங்களுக்குக் கண்ணாடிக் குழாயோ நெகிழிக் குழாயோ ஒவ்வொரு தண்டுக்கும் தனித்தனியாகப் பொருத்தலாம். இவற்றில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு அன்று. ஃபோம் வருவதற்கு முன் எல்லோரும் செய்துகொண்டிருந்த வேலைதான் இது. தோற்றத்தில் ஒரு மாற்றம் உண்டு: ஃபோமில் செருகிய பூக்கள் உருண்டையாக, இறுக்கமாக அமையும், வலையிலும் கென்சானிலும் தண்டுகள் தம் இயல்பான வளைவோடு சாய்ந்து நிற்பதால் காற்றோட்டமான உருவம் கிடைக்கும். இன்று தோட்டத்துப் பாணி என்று புகழப்படும் தோற்றத்தில் பெரும்பகுதி இந்தச் சாய்வுதான்.

இனி கூரையில் தொங்கும் பூமேகம். வழக்கமான ஃபோம் கட்டி ஒன்று 23 செ.மீ. நீளமும் 11 செ.மீ. அகலமும் 8 செ.மீ. உயரமும் கொண்டது, முழுக்க நனைந்தால் ஏறத்தாழ 2 கிலோ கனக்கும். முப்பது கட்டிகளைத் தொங்கவிட்டால் தண்ணீர் மட்டுமே 60 கிலோ. பூ, இலை, கம்பி, சட்டம் எல்லாம் அதற்கு மேல். உள்ளரங்கத்தின் கூரை எவ்வளவு தாங்கும் என்பதை அரங்கப் பொறுப்பாளரிடம் எழுத்து வடிவில் கேட்காமல் இதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். தண்ணீரே இல்லாமல் தொங்கவிடலாம் என்றால், அதைத் தாங்கும் பூ, சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களைக் கொண்ட ஜிப்சோபிலா. அது வாடுவதைவிட மெல்லக் காய்வதே வழக்கம். ஆனால் மூடிய அறையில் மிக அதிகமாக வைத்தால் அதற்கே உரிய ஒரு புளித்த வாடை எழும் என்பதை யாரும் விளம்பரப் படத்தில் சொல்வதில்லை.

பூச்சுவரைப் பொறுத்தவரை என் கருத்து சற்றுக் கடுமையானது. விரிந்த ரோஜா ஒன்று 7 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரை மூட 200 பூக்கள் வேண்டும். 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட சுவருக்கு 1,500. அவற்றின் நடுப்பகுதியைப் படத்தில் மணமக்களின் உடலே மறைத்துக்கொள்ளும். பார்வையாளர்கள் காண்பது தலைக்கு மேலும் இருபுறமும் உள்ள பகுதிகளை மட்டுமே. சுவரை எளிய துணியாக விட்டுவிட்டு, ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் இரண்டு தனித்தனிக் குவியல்களை அமைத்தால், கால் பங்குப் பூக்களில் காட்சி முழுமையாகிவிடும். சமச்சீரற்ற இந்த உடைந்த வளைவு இன்று பரவலாகி வருகிறது. ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பது பரவலாகிவிட்டதால் அல்ல, அதன் பூக்கள் எல்லாம் வாளியில் நிற்க முடியும் என்பதால்.

நடைபாதைக்குப் பாம்பாஸ் புல் வேண்டாம் என்பேன். தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அந்தப் புல், நியூசிலாந்து, ஸ்பெயின், கலிபோர்னியா போன்ற இடங்களில் பரவித் தொல்லை தரும் அயல் செடியாகிவிட்டது. உலர்ந்த கதிர் எளிதில் தீப்பற்றும். உடைகள் மீது பஞ்சு உதிர்க்கும். மாறாக, தாழ்வான தட்டுகளில் கென்சான் வைத்து, தரையிலிருந்தே முளைத்தது போல உயரம் மாறி மாறிப் பூக்களை நிறுத்தும் புல்வெளி வரிசையைக் கேளுங்கள். தண்ணீர் தரையில் இருக்கிறது, எடை பற்றிய அச்சம் இல்லை, முக்கியமாக, திறந்தவெளியில் வேலை முடிந்ததும் தட்டுகளைத் தூக்கி உள்ளரங்கத்து மேடை முன் வைத்துக்கொள்ளலாம்.

பழைமையாகத் தோன்றாதிருப்பது எப்படி என்ற கேள்விக்கு ஒரு பக்கக் கதை சொல்லலாம். லண்டனில் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்ற அம்மையார், 1930களில், ரோஜாக்களோடு பரட்டைக்கீரை இலைகளையும் காய்ந்த விதைத் தலைகளையும் வேலியோரக் கொடிகளையும் சேர்த்து அடுக்கினார். 1953 இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழா மலர் அலங்காரத்திலும் அவர் பங்கு பெற்றார். இன்று காட்டுத் தோற்றம் என்று விற்கப்படும் பாணியை அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களிலேயே காணலாம். அவற்றில் பழசாகிப்போனவை சாடிகள் மட்டுமே.

பதில் 2: ஒளிக்கற்றை

நான் நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுப்பவன். நிறம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் அலங்காரம் செய்தவரும் ஒளி அமைத்தவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததன் விளைவைக் கடைசியில் தலையில் சுமப்பவன் நான்தான்.

உங்களிடம் அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் சிவப்புக்கும் ஊதாவுக்கும் காரணங்கள் வேறு வேறு. வெளிச்சம் குறையும்போது நம் கண், நிறங்களை உணரும் கூம்புச் செல்களிலிருந்து மங்கிய ஒளியை உணரும் குச்சிச் செல்களுக்கு மெல்ல மாறுகிறது. குச்சிச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரிவதே இல்லை. அதனால் பகலில் பளிச்சென்று இருந்த சிவப்புப் பூ, அந்தி மயங்கும் நேரத்தில் இலையைவிடக் கறுப்பாகத் தெரியும். 19 ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு உடலியலாளர் யான் புர்கினியே இதை விளக்கியதால், இந்த மாற்றம் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. உங்கள் நிகழ்ச்சியின் வெளிப்பகுதி சரியாக அந்த நேரத்தில் நடைபெறுகிறது. ஆகவே வெளியே வெள்ளை, தந்தம், வெளிர் மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு ஆகியவை முன்னிலை வகிக்கட்டும்.

உள்ளரங்கத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பாலும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான மஞ்சள் சாயல் விளக்குகள் இருக்கும். அந்த ஒளியில் நீலக் கூறு மிகக் குறைவு. எனவே சிவப்பும் ஆரஞ்சும் ஒளிரும், ஊதாவும் நீலமும் சாம்பல் பூத்ததுபோல மங்கிவிடும். தங்கையின் அடர் சிவப்பை உள்ளே தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஊதாவை விட மனமில்லை என்றால், அடர் ஊதாவுக்குப் பதிலாக வெளிர் ஊதாவைத் தேர்ந்தெடுத்து, வெள்ளைப் பூக்களை ஒட்டி வையுங்கள். அந்த வேறுபாட்டில்தான் அது ஊதா என்பது கண்ணுக்கே தெரியவரும்.

ஒரு வேண்டுகோள். மேடை மீது மெஜந்தா நிற எல்.இ.டி. விளக்கைப் பாய்ச்சுவதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அந்த ஒளியில் பச்சைக் கூறு இல்லாததால் இலைகள் எல்லாம் கரி பூசியதுபோல ஆகிவிடும். மணமக்களின் முகத்தையும் எந்தத் திருத்தத்தாலும் மீட்க முடியாது. விளக்கு வாடகைக்குத் தருபவரிடம் நிறக் காட்டல் குறியீடு, அதாவது நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவு, 90க்கு மேல் உள்ள விளக்குகளைக் கேளுங்கள். தரம் குறைந்த எல்.இ.டி. ஒளியில் சிவப்பு ரோஜா பழுப்பாகிவிடும். இவை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால், நீங்கள் விரும்பும் பூக்களில் வகைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு, நிகழ்ச்சி நடைபெறும் அதே மணிக்கு அதே இடத்தில் கைப்பேசியால் படம் எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

மேசைப் பூங்கொத்து பற்றி ஒரு சொல்: உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தை மறைக்காதீர்கள். 30 செ.மீ. உயரத்துக்குள் தாழ்வாக வையுங்கள், அல்லது மெல்லிய தண்டின் மேல் 60 செ.மீ.க்கு அப்பால் உயர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவில் வைத்த பூங்கொத்துகளை, விருந்தினர்களே எடுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துவிடுவதை நான் பலமுறை படம் எடுத்திருக்கிறேன்.

பதில் 3: தண்டும்நீரும்

தோட்டக்கலை படித்தவள், அறுவடைக்குப் பிந்தைய மலர்ப் பராமரிப்பு என் துறை. பழையவாளி அவர்கள் தண்ணீரைச் சொன்னார், நான் காலத்தையும் காற்றையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழங்களைப் பூக்களோடு வைக்கும் பாணி பழைய டச்சு ஓவியங்களிலிருந்து மீண்டு வந்தது. யான் வான் ஹைசம் போன்ற ஓவியர்கள் வசந்தத்தில் பூக்கும் டியூலிப்பையும் கோடையில் மலரும் ரோஜாவையும் ஒரே சாடியில் வரைந்தார்கள். ஒவ்வொரு பூவும் அதனதன் பருவத்தில் மலரும்வரை காத்திருந்து தனித்தனியாகப் பார்த்து வரைந்தவை அவை. ஓவியத்தில் பழம் பூவை எதுவும் செய்யாது. மேசையில் செய்யும். பழுத்த ஆப்பிள், வாழை, பேரிக்காய் ஆகியவை எத்திலீன் வாயுவை வெளியிடுகின்றன. அந்த வாயு பட்டால் கார்னேஷன் கண் மூடித் தூங்குவதுபோல இதழ்களைச் சுருட்டிக்கொள்ளும், ஆர்க்கிட் வெளிறித் தொங்கும், டெல்பினியம் பொலபொலவென்று உதிரும். ஆசையை விட வேண்டியதில்லை, பழத்தை மாற்றினால் போதும்: திராட்சை, மாதுளை, எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவை மிகக் குறைவாகவே எத்திலீன் வெளியிடுபவை. ஆனால் பூஞ்சை பிடித்த ஆரஞ்சு ஒன்று கலந்துவிட்டால், நல்ல ஆப்பிளைவிடத் தீங்கு செய்யும். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து வையுங்கள். மேலும், பூக்கள் வந்த பெட்டிகளைப் பழக் கூடைகளோடு ஒரே அறையில் இரவு முழுவதும் பூட்டி வைக்கும் தவறு மிகச் சாதாரணமாக நடக்கிறது. வண்டிப் புகையிலும் எத்திலீன் உண்டு என்பதால், பூக்களை இறக்கும்போது வண்டியின் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

எந்தப் பூ எந்த நாளில் வர வேண்டும் என்பது அடுத்தது. லில்லியை மொட்டாக வாங்கினால் விரிய நான்கைந்து நாள் ஆகலாம். ரோஜாவுக்கு இரண்டு நாள் போதும். ஹைட்ராஞ்சியாவை முந்திய நாள் வாங்குவதே பாதுகாப்பானது. டியூலிப், வெட்டிய பின்னும் சில சென்டிமீட்டர் வளர்ந்து ஒளியை நோக்கி வளையும்; இன்று மாலை நீங்கள் அடுக்கிய உருவம் நாளைக் காலை இருக்காது. குளிரறை எல்லாப் பூவுக்கும் நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. ரோஜாவும் கார்னேஷனும் 1, 2 டிகிரி செல்சியஸில் மகிழ்ச்சியாக இருக்கும். வெப்பமண்டலத்து ஆந்தூரியமும் பல ஆர்க்கிட் வகைகளும் அதே அறையில் கறுத்துப் புண்ணாகிவிடும், அவற்றுக்கு 12 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வந்தவுடன் தண்டின் அடியில் 2 செ.மீ. வெட்டி, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே உள்ள இலைகளை உருவிவிட்டு, நிழலில் சில மணி நேரம் ஆழமான வாளியில் நிறுத்த வேண்டும். பாக்கெட்டில் வரும் மலர் உணவில் சர்க்கரை, அமிலம், கிருமிக்கொல்லி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். வீட்டில் சர்க்கரையை மட்டும் கரைத்து ஊற்றுவது பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பது. பூவுக்கு அதனால் நன்மை இல்லை. ஹைட்ராஞ்சியா சோர்ந்தால், தண்டை மறுபடி வெட்டிப் படிகாரத் தூளில் தோய்த்து நீரில் வையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், பூத்தலையையே அரைமணி நேரம் குளிர்ந்த நீரில் மூழ்க வையுங்கள். அந்தப் பூ தலை வழியாகவும் குடிக்கும். நார்சிசஸ் மலரை மட்டும் வெட்டியதும் தனி வாளியில் சில மணி நேரம் வையுங்கள், அதன் சாறு மற்றப் பூக்களின் ஆயுளைக் குறைக்கும். பிறகு கொத்தில் சேர்க்கும்போது தண்டை மறுபடி வெட்டக் கூடாது. ரோஜாவின் வெளியிதழ்களைக் கையால் வெளிப்புறமாக மடித்துப் பெரிதாக்கிக் காட்டும் வழக்கம் இப்போது மிகவும் பரவியிருக்கிறது. அழகாக இருக்கும், ஆயுளும் குறையும். மணமகளின் கைக்கொத்துக்குச் செய்யலாம், நடைபாதை முழுவதற்கும் வேண்டாம்.

கேக்கின் மேல் பூ வைப்பதானால் அரளி, பள்ளத்தாக்கு லில்லி, நார்சிசஸ், ஹைட்ராஞ்சியா ஆகியவற்றை அண்ட விடாதீர்கள்; அவை நச்சுத்தன்மை உடையவை. லில்லி வைத்தால், பூ விரிந்த உடனேயே மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். மகரந்தம் உடையில் பட்டுவிட்டால் தண்ணீர் தொடாமல், தேய்க்காமல், ஒட்டும் நாடாவால் ஒற்றி எடுக்க வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் மிஞ்சிய லில்லியை எடுத்துச் செல்லவே வேண்டாம். அதன் மகரந்தம்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

பதில் 4: மேடைப்பலகை

பழையவாளி அவர்கள் செயற்கை மலர்களைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லாமல் கடந்துவிட்டார். அந்த மௌனத்திலேயே அவருடைய கருத்து தெரிகிறது. நான் மேடை நிகழ்ச்சிகளுக்கு அரங்கம் அமைப்பவன் என்பதால், சித்தியின் பக்கமும் ஒருவர் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கூரையில் ஐந்து மீட்டர் உயரத்தில் தொங்கும் பூவை யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை, தொட்டும் பார்ப்பதில்லை. அங்கே தண்ணீரையும் எடையையும் ஏற்றி ஆபத்தை வரவழைப்பதைவிட, வாடகைக்குக் கிடைக்கும் நல்ல துணிமலர்களை வைப்பது அறிவுடைமை. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் அது உதவி. சுற்றுச்சூழலைப் பேசுகிறவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: விலைக்கு வாங்கி ஒரே நாளில் எறியப்படும் நெகிழிப்பூ குப்பைதான், அதே பூ முப்பது மேடைகளைக் கண்டால் கணக்கு வேறு.

ஆனால் சித்தி சொல்வதுபோல் எல்லாவற்றையும் செயற்கையாக்குவதை நானும் ஏற்கமாட்டேன். மூன்று மீட்டருக்குள் முகம் வரும் இடத்தில் உண்மைப் பூவே இருக்கட்டும். மணமக்களின் கையில், மேசையில், நுழைவாயிலில் மணம் இல்லாவிட்டால் வந்தவர்கள் காரணம் தெரியாமலே எதையோ இழந்ததுபோல உணர்வார்கள். செயற்கை மலர்களை வைக்கும் இடத்தில் உண்மையான இலைகளைக் கலந்தால் கண் எளிதில் ஏமாறும். துணிமலர்கள் தீத்தடுப்புப் பூச்சு பெற்றவையா என்று சான்று கேளுங்கள், மெழுகுவர்த்தி இருக்கும் மேசைக்குப் பூச்சு இருந்தாலும் கொண்டுபோகாதீர்கள்.

நிலாமுற்றம் (கேள்வி கேட்டவர்)

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஒளிக்கற்றை அவர்கள் சொன்ன சோதனையை நேற்றே செய்து பார்த்தோம். மாலை ஆறரை மணிக்குத் தோட்டத்தில் தங்கையின் கையிலிருந்த அடர் சிவப்பு ரோஜா, படத்தில் ஒரு கறுப்புப் பொட்டாக விழுந்திருந்தது. அதைப் பார்த்தபின் வாக்குவாதம் தானாகவே முடிந்துவிட்டது. வெளியே வெள்ளையும் தந்த நிறமும், உள்ளே சிவப்பு என்று முடிவு செய்திருக்கிறோம்.

பூச்சுவரைக் கைவிட்டுவிட்டோம், சமச்சீரற்ற இரண்டு குவியல்கள் போதும். கூரைக்கு வாடகைத் துணிமலர், மேசைக்குச் சிறு குப்பிகளில் ஓரிரு தண்டுகள், இடையிடையே திராட்சையும் மாதுளையும். ஃபோம் வேண்டாம் என்றவரையே அமர்த்தப்போகிறோம். மீதமிருக்கும் ஐயம் ஒன்றே ஒன்று: வெளியே நடைபாதையில் இருக்கும் தட்டுகளை உள்ளே மேடைக்கு முன் மாற்றுவதற்கு எங்களுக்குக் கிடைப்பது நாற்பது நிமிடங்கள்தான். மொத்தம் பதினாறு தட்டுகள். பூக்கள் கலையாமல் இது நடக்குமா? நடைபாதை வெள்ளையாகவும் மேடை சிவப்பாகவும் இருந்தால் உள்ளே சென்றதும் ஒட்டாமல் போகாதா?

பதில் 5: பழையவாளி

மேடைப்பலகை அவர்கள் என் மௌனத்தைச் சரியாகவே படித்திருக்கிறார். ஐந்து மீட்டர் உயரத்துக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

சகோதரி, நாற்பது நிமிடம் தாராளம், ஆனால் ஒத்திகை இல்லாமல் நடக்காது. ஒவ்வொரு தட்டின் அடியிலும் எண் எழுதி, உள்ளே அது வைக்கப்படும் இடத்தில் தரையில் அதே எண்ணை நாடாவால் ஒட்டச் சொல்லுங்கள். தூக்கி வருபவர் யாரையும் கேட்கத் தேவையில்லை. கென்சானைத் தட்டோடு பூப்பசையால் ஒட்டியிருக்கிறார்களா என்று முதல் நாளே பாருங்கள், பாத்திரம் காய்ந்திருக்கும்போது ஒட்டினால்தான் அது பிடிக்கும். தண்ணீரை ஊசிகள் மூழ்கும் அளவுக்கு மேல் ஊற்றினால் தூக்கும்போது தளும்பும். உள்ளே வைத்தபின் நிரப்பிக்கொள்ளலாம். இருவர் சேர்ந்து ஒரு தட்டு என்று நான்கு பேர் இருந்தால் எட்டு நடையில் முடிந்துவிடும். காற்று வீசும் நாளானால், உயரமான தண்டுகளைத் தட்டின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

நிறம் ஒட்டாமல் போகும் அச்சம் வேண்டாம். சிவப்பு ரோஜாக்களில் நாற்பது தண்டுகளைத் தனி வாளியில் உள்ளே மறைவாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தட்டுகள் வந்து அமர்ந்ததும், தட்டுக்கு இரண்டு மூன்றாக அவற்றை வலையிலும் ஊசியிலும் செருகிவிட்டால் வெள்ளை வரிசை மேடையோடு கலந்துவிடும். ஃபோமில் இதை இவ்வளவு எளிதாகச் செய்ய முடியாது, ஒருமுறை துளைத்த இடம் மறுபடி பிடிக்காது. நிகழ்ச்சி முடிந்ததும் பதினாறு கென்சான்களும் திரும்பி வர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவார்கள். யாராவது ஒருவரை எண்ணிப் பார்க்க நிறுத்துங்கள், அவை தட்டோடு சேர்ந்து விருந்தினர் வீட்டுக்குப் போய்விடுவது வழக்கம். தட்டுகளின் அடியைத் துடைக்க நான்கைந்து பழைய துண்டுகளும் வேண்டும், உள்ளரங்கத் தரை வழவழப்பானது என்றால் ஐந்தும் போதாது.